டோட்டல் லாஸ் ஆன ஜீப்பை நானே சரிசெய்யலாமா?

வாகனப் பக்கம்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: வணக்கம் சார். நான் கொருக்குப்பேட்டையில் இருக்கிறேன். 2017 மாடல் மஹிந்திரா தார் சி.ஆர்.டி.இ., ஃபோர் வீல் டிரைவ், லோன் எல்லாம் முடிந்துவிட்டது. போன மாதம் ராத்திரி எண்ணூர் விரைவுச் சாலையில் முன்னால் போன கன்டெய்னர் டிரெய்லர் திடீரென்று பிரேக் அடிக்க, ஒடித்துத் திருப்பியும் இடது முன் மூலை அதன் பின்பக்கத்தில் மோதிவிட்டது. ஆளுக்கு அடி இல்லை. கம்பெனி ஒர்க் ஷாப்பில் 4,10,000 ரூபாய் எஸ்டிமேட் போட்டார்கள். ஐ.டி.வி. (பாலிசியில் வண்டிக்குப் போட்ட மதிப்பு) 5,00,000 என்பதால் இன்ஷூரன்ஸ் சர்வேயர் டோட்டல் லாஸ் என்று எழுதிவிட்டார். வண்டியை ஒப்படைத்தால் 4,98,000 கிடைக்கும், நானே வைத்துக்கொண்டால் 3,38,000 தருவார்களாம். நான் ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படித்தவன், இப்போது மணலியில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலை. நண்பர்களோடு நாகலாபுரம் பக்கம் மலைப்பாதையில் இந்த வண்டியைத்தான் ஓட்டிக்கொண்டு போவேன், விட மனசு வரவில்லை. இன்ஜின் ஸ்டார்ட் ஆகிறது. அப்பா வேண்டாம் என்கிறார். நானே சரிசெய்யலாமா, எங்கிருந்து தொடங்குவது?

பதில்: தம்பி, சரிசெய்யலாம். உங்கள் படிப்புக்கும் வேலைக்கும் இது கைமீறின காரியம் இல்லை. ஆனால் ஸ்பானரைக் கையில் எடுப்பதற்கு முன்னால், இன்னும் சொன்னால் இன்ஷூரன்ஸ் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், இரண்டு விஷயம் தெரிந்தாக வேண்டும்: சேசிஸ், அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம், நேராக இருக்கிறதா, ஆர்.சி. உயிரோடு இருக்குமா. இதில் ஒன்று தப்பினாலும் வண்டியை ஒப்படைத்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன், அப்பாவும் அதைத்தான் விரும்புகிறார் போல.

டோட்டல் லாஸ் என்றதும் வண்டியே முடிந்துவிட்டது என்று பலர் பயப்படுகிறார்கள். அது வெறும் ரூபாய்க் கணக்கு. ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ், அவ்வளவுதான். உங்களுக்கு 5,00,000-ல் 75 சதவீதம் 3,75,000, எஸ்டிமேட் அதைத் தாண்டிவிட்டது. அந்த எஸ்டிமேட்டில் பானட், ஃபெண்டர், ரேடியேட்டர், லைட் என்று எல்லாமே புதுசு, கம்பெனி கூலி, அதற்கு மேல் ஜி.எஸ்.டி. அதே வேலையை நீங்களே கழற்றி, செகண்ட்ஸ் பாகம் வாங்கிப் போட்டால் செலவு வெகுவாக இறங்கும், அதனால்தான் உங்கள் மாதிரி ஆட்களுக்கு இது யோசிக்கத் தக்க விஷயமாகிறது. ஆனால் இந்தக் கணக்கில் சேசிஸ் வளைந்ததா இல்லையா என்ற பேச்சே கிடையாது. ஐ.டி.வி. அதிகமுள்ள புது வண்டி சேசிஸ் வளைந்தும் 75 சதவீதத்துக்குள் நின்றுவிடும், பழைய வண்டி தகரம் மட்டும் நசுங்கியே டோட்டல் லாஸ் ஆகிவிடும்.

இன்னொன்று. அந்த 3,38,000-ஐ ரிப்பேர் பட்ஜெட் என்று நினைக்க ஆரம்பித்தால் தப்பாகப் போகும். இரண்டு தொகைக்கும் வித்தியாசம் 1,60,000, அதாவது அடிபட்ட நிலையில் வண்டிக்கு ஏலத்தில் வந்த விலை. அந்த விலைக்கு உங்கள் வண்டியை நீங்களே வாங்குகிறீர்கள். 1,60,000-உம் ரிப்பேர் செலவும் சேர்ந்து, இதே வருஷத்து நல்ல தார் ஒன்றின் செகண்ட்ஸ் விலையை நெருங்கினால் வேலையில் இறங்கவே வேண்டாம்.

இப்போது ஆர்.சி. வண்டியை நீங்கள் வைத்துக்கொண்டாலும் ஆர்.சி.யை ரத்து செய்துவிட்டு வந்தால்தான் பணம் என்று நிபந்தனை போடும் இன்ஷூரன்ஸ் கம்பெனி உண்டு. ரத்தான வண்டியை எவ்வளவு அழகாகக் கட்டினாலும் ரோட்டில் இறக்க முடியாது, காயலான் கடைக்குத்தான். மோட்டார் வாகனச் சட்டம் 55-ஆம் பிரிவும், வண்டி அழிந்துபோனாலோ இனி நிரந்தரமாக ஓடாது என்றாலோ உரிமையாளர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அதனால் ‘ஆர்.சி. என்னிடம் செல்லுபடியாகவே இருக்குமா’ என்று ஒரே வரியில் மெயில் அனுப்பி, எழுத்தில் பதில் வாங்குங்கள். ஃபோனில் ‘அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்’ என்பதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

சேசிஸுக்கு வருவோம், இதைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். வண்டி இன்னும் ஒர்க் ஷாப் யார்டில்தானே நிற்கிறது, அங்கேயே போய் அளந்துவிடுங்கள். ஒரு தூக்குக்குண்டு, ஸ்டீல் டேப், சாக்பீஸ், டார்ச், கூட ஒரு ஆள் போதும். சமமான சிமென்ட் தரையில் வண்டியை நிறுத்தி, கீழே படுத்து, சேசிஸில் இடது வலது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் இடங்களாகப் பாருங்கள்: பாடி மவுன்ட் போல்ட், ஃபேக்டரியில் போட்ட ஓட்டை, பின்னால் பட்டை ஸ்பிரிங் மாட்டியிருக்கும் பிராக்கெட். முன்னால் ஒரு ஜோடி, நடுவில் இரண்டு ஜோடி, பின்னால் ஒரு ஜோடி. ஒவ்வொன்றிலிருந்தும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, ஆட்டம் நின்ற பிறகு தரையில் சாக்பீஸால் புள்ளி வையுங்கள். அப்புறம் வண்டியைத் தள்ளி நகர்த்திவிட்டால் உங்கள் சேசிஸின் வரைபடம் தரையில் இருக்கும்.

கொத்தனார் அஸ்திவாரத்துக்கு மூலைமட்டம் பார்ப்பாரே, அதே வேலைதான். முன் ஜோடிக்கும் நடு ஜோடிக்கும் குறுக்காக, இடது முன் புள்ளியிலிருந்து வலது நடுப்புள்ளிக்கு ஒரு அளவு, வலது முன் புள்ளியிலிருந்து இடது நடுப்புள்ளிக்கு இன்னொரு அளவு. இரண்டும் சமமாக வர வேண்டும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம் டேப் பிடிப்பதிலேயே வரும், அதை விடுங்கள். பத்து மில்லிமீட்டர் வந்தால் சேசிஸ் கதை வேறு. அடுத்து ஒவ்வொரு ஜோடிக்கும் நடுப்புள்ளியைக் குறித்து, நூலில் சாக்பீஸ் தடவி முன்னிருந்து பின்வரை இழுத்துத் தட்டுங்கள். எல்லா நடுப்புள்ளியும் அந்தக் கோட்டில் உட்கார வேண்டும். முன் ஜோடி மட்டும் வலப்பக்கம் தள்ளி நின்றால், இடது மூலையில் வாங்கின அடி சேசிஸ் மூக்கை வலதுபக்கம் தள்ளிவிட்டது என்று அர்த்தம்.

ஸ்டியரிங்கை நேராக வைத்து, முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடுவுக்கு இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். உங்கள் மாடலுக்கு அது 2430 மில்லிமீட்டர். இடதில் குறைந்து வலதில் சரியாக இருந்தால் ஒன்று சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கும் சஸ்பென்ஷன் ஆர்ம் வளைந்திருக்கிறது, அல்லது அந்தப் பக்கச் சட்டமே பின்னால் போயிருக்கிறது. தரைப் புள்ளிகள் சரியாக வந்திருந்தால் ஆர்ம்தான். முறுக்கு இருக்கிறதா என்று பார்க்க, நேரான இரண்டு சதுர பைப்பை முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாகச் சேசிஸுக்குக் குறுக்கே வைத்து, பின்னால் குந்தி ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் போதும், இரண்டு பைப்பும் ஒன்றுக்கொன்று இணையாகத் தெரிய வேண்டும்.

அளவு சரியாக வந்தாலும் கண்ணால் ஒருமுறை பாருங்கள். இன்ஜின் மவுன்ட், ஆர்ம் மவுன்ட் பக்கம் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடியுங்கள். சட்டத்தின் உள்பக்கத்தில் பெயிண்ட் மெல்லிய கோடுகளாக வெடித்திருந்தால் அந்த இடம் மடங்கித் திரும்பியிருக்கிறது. வெளிப்பக்கம் வழவழவென்று இருக்கும், உள்பக்கம்தான் காட்டிக்கொடுக்கும்.

என் கணக்கு இதுதான். சஸ்பென்ஷனுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கும் பம்பர் பிராக்கெட்டும் மட்டும் வளைந்திருந்தால், எடுத்துச் செய்யுங்கள். சஸ்பென்ஷன் ஆர்ம் மாட்டும் இடத்திலோ இன்ஜின் மவுன்டிலோ சட்டம் மடங்கியிருந்தால் வண்டியை ஒப்படைத்துவிட்டு 4,98,000 வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் கல்லிலும் பள்ளத்திலும் ஏற்றி இறக்கும் ஆள், அந்த மடிப்புதான் முதலில் விரியும்.

மூக்கை நிமிர்த்துவதையும் நீங்கள் செய்ய வேண்டாம். சேசிஸைக் கட்டி நிறுத்தி, ஹைட்ராலிக்கில் குளிராகவே இழுத்து, அளவு பார்த்து விடும் பெஞ்ச் உள்ள பட்டறையில் கொடுங்கள். மணலி, மாதவரம் பக்கம் டிரெய்லர் வேலை பார்க்கும் பட்டறைகள் உங்களுக்குக் கூப்பிடு தூரம்தான், ஆனால் அவர்கள் கேஸ் கட்டரில் பழுக்கக் காய்ச்சி அடித்து நிமிர்த்துவதில் கில்லாடிகள். லாரியின் தடிமனான சட்டத்துக்கு அது ஓடலாம். ஜீப் சட்டம் மெல்லிய தகட்டுப் பெட்டி, சிவக்கக் காய்ச்சினால் அந்த இடம் பலம் இழந்துவிடும். பழக்கமான பாய் கடை, குறைந்த கூலி என்றாலும் போகாதீர்கள். சேசிஸையே மாற்ற வேண்டும் என்று யாராவது யோசனை சொன்னால், ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் அந்தப் பக்கமே போகக் கூடாது. சேசிஸில் குத்தியிருக்கும் நம்பர்தான் சட்டப்படி உங்கள் வண்டி, வேறு சேசிஸில் அதை வெட்டி ஒட்டுவது கேஸாகும் குற்றம்.

மீதி வேலை பெரும்பாலும் உங்களுடையது. முதலில் பேட்டரி நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். இன்ஜின் ஸ்டார்ட் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், தயவுசெய்து இனி ஸ்டார்ட் பண்ணாதீர்கள். முன்னால் அடி வாங்கின வண்டியில் ரேடியேட்டரில் தண்ணீர் இல்லாமல் இருக்கலாம், ஃபேன் எதிலாவது உரசலாம், ஆயில் சம்ப் பிளந்திருக்கலாம். டிப் ஸ்டிக்கை எடுத்து ஆயில் அளவும் நிறமும் பாருங்கள். கிராங்க் புல்லி போல்ட்டில் சாக்கெட் போட்டுக் கையால் இரண்டு சுற்று சுற்றி, எங்கும் பிடிக்கவில்லை என்றால் நிம்மதி. இன்ஜின் மவுன்ட் ரப்பர், கியர் பாக்ஸ் சேரும் அலுமினிய பெல் ஹவுசிங்கின் காது இரண்டிலும் விரிசல் தேடுங்கள். டீசல் காமன் ரெயில் பைப்பில் ஆயிரம் பாருக்கு மேல் கூட அழுத்தம் ஏறும், இன்ஜின் ஓடும்போது அந்த நட்டைத் தளர்த்தினால் டீசல் தோலைக் கிழித்துக்கொண்டு உள்ளே போகும்.

உங்கள் மாடலில் முன் சஸ்பென்ஷன் டார்ஷன் பார், அதாவது முறுகி ஸ்பிரிங் வேலை செய்யும் நீளக் கம்பி. அந்தக் கம்பி முறுக்கேறித்தான் நிற்கிறது. ஆர்மைக் கழற்றுவதற்கு முன் சரிசெய்யும் போல்ட்டில் எத்தனை மரை வெளியே தெரிகிறது என்று குறித்து, பெயிண்டில் ஒரு கோடு போட்டு, முறுக்கை முழுக்க இறக்கிய பிறகுதான் மற்ற போல்ட்டில் கை வைக்க வேண்டும். இடது கம்பியை வலதில் மாட்டிவிடக் கூடாது. வண்டியை ஜாக்கியிலோ ஹாலோ பிளாக் கல்லிலோ நிறுத்திவிட்டுக் கீழே போகாதீர்கள், இரும்பு ஸ்டாண்ட் நாலு வாங்குங்கள், இந்தப் பணம் மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

பாகம் வாங்க எல்லாரும் புதுப்பேட்டைதான் போவோம், நீங்களும் போகலாம். பானட், ஃபெண்டர், கிரில், லைட், கதவு, பம்பர் எல்லாம் அங்கே எடுங்கள், பில் இல்லாமல் எதையும் எடுக்காதீர்கள், திருட்டு வண்டிப் பாகம் என்றால் தலைவலி உங்களுக்குத்தான். ஆர்ம், பால் ஜாயிண்ட், டை ராட், ஸ்டியரிங் ராக், பிரேக் ஹோஸ் இதெல்லாம் புதுசு மட்டுமே. வளைந்த ஆர்மைக் காய்ச்சி நிமிர்த்திப் போட்டால் நேராகத்தான் தெரியும், உள்ளே விரிசல் ஓடியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. மோதினபோது போட்டிருந்த சீட் பெல்ட்டையும் மாற்றுங்கள்.

வெல்டிங் வைத்தால் இ.சி.யூ. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) கனெக்டரைக் கழற்றிவிட்டு, எர்த் கிளாம்பை வெல்ட் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொல்லுங்கள். நம் பகுதிக்கென்று ஒரு விஷயம் உண்டு: காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடல் காற்று தேய்த்த இரும்பைச் சும்மா விடாது, சாயங்காலம் பளபளவென்று தேய்த்து வைத்தால் காலையில் சிவப்புப் பூத்திருக்கும். தேய்த்த அன்றே ஜிங்க் பிரைமர் அடித்துவிடுங்கள். துரு மேலேயே பட்டி அப்பி பெயிண்ட் அடித்தால் ஒரு மழைக்காலம் தாங்காது.

எல்லாம் முடிந்த பிறகு வீல் அலைன்மென்ட், அதன் அளவுச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். பணம் செட்டில் ஆனதும் பழைய பாலிசி முடிந்துவிடும் என்பதால், மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் எடுக்காமல் தெருமுனை டீக்கடைக்குக் கூட ஓட்டாதீர்கள். ஓன் டேமேஜ் (உங்கள் வண்டியின் சேதத்துக்கான இன்ஷூரன்ஸ்) கேட்டால் வண்டியை வந்து பார்த்துவிட்டுத்தான் சொல்வார்கள், டோட்டல் லாஸ் ஆன விவரத்தை மறைக்க வேண்டாம், நாளைக்கு ஒரு கிளெய்ம் வந்தால் அதையே காரணம் காட்டி மறுக்கலாம்.

கேள்வி: என் கணவர் முன்பக்கம் மோதின 2021 தார் ஒன்றை வாங்கி வீட்டிலேயே சரிசெய்கிறார். இரண்டு ஏர்பேக்கும் வெடித்துவிட்டன. புதுசு விலை அதிகம், பழசு மாட்டலாம், இல்லாவிட்டால் ரெசிஸ்டர் வைத்து வார்னிங் லைட்டை அணைத்துவிடலாம் என்று மெக்கானிக் சொல்கிறார். எங்களுக்கு இரண்டு குழந்தைகள். செய்யலாமா? — வாசகி, திருவொற்றியூர்

பதில்: கூடாதும்மா. ரெசிஸ்டர் வைத்தால் ஏர்பேக் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் நம்பிக்கொள்ளும், லைட் அணையும், மோதும்போது ஒன்றும் விரியாது. பின்னாளில் வண்டியை வாங்குகிறவருக்கும் அது தெரியாது. அந்த மெக்கானிக்கிடம் ஏர்பேக் வேலையையே கொடுக்காதீர்கள் என்று உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். பழைய ஏர்பேக் எந்த வெள்ளத்தில் கிடந்தது, எத்தனை வருஷம் வெயிலில் காய்ந்தது என்று யாருக்கும் தெரியாது, அதற்குள் இருப்பது வெடிமருந்து. ஏர்பேக் இரண்டும், சீட் பெல்ட் இழுப்பான்களும், மோதல் பதிவான கன்ட்ரோல் யூனிட்டும் கம்பெனி வழியாகவே மாற வேண்டும். மற்ற எல்லா வேலையையும் அவர் வீட்டில் செய்யட்டும், இதை மட்டும் சர்வீஸ் சென்டரில் விட்டுவிடுங்கள். அதற்குப் பணம் சேரும்வரை வண்டி ஷெட்டிலேயே நிற்கட்டும், குழந்தைகளை ஏற்ற வேண்டாம்.

கேள்வி: மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மூழ்கி டோட்டல் லாஸ் ஆன ஸ்கார்பியோ ஒன்று மலிவாக வருகிறது. அடி எதுவும் இல்லை, உட்காரும் இடம் வரை தண்ணீர் ஏறியிருக்கிறது. மோதின வண்டியை விட இது நல்லதுதானே? — வாசகர், வியாசர்பாடி

பதில்: என்னைக் கேட்டால் மோதின வண்டியே மேல். அடியை அளந்துவிடலாம், தண்ணீர் எங்கெல்லாம் போனது என்று அளக்க முடியாது. சீட் வரை ஏறியிருந்தால் தரைக்கு அடியில் ஓடும் ஒயரிங், கனெக்டர், கியர் பாக்ஸ், ஆக்ஸில் எல்லாவற்றிலும் போயிருக்கும். 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்தது உங்களுக்கே தெரியும், அந்தப் பகுதி வண்டி என்றால் ரப்பர் பாகம் ஒன்றையும் நம்ப முடியாது. கார்ப்பெட்டைத் தூக்கி, கனெக்டர் ஒன்றைப் பிரித்து, உள்ளே பச்சை பூத்திருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். பழைய உரிமையாளர் பெயரிலேயே ஆர்.சி.யை வைத்து ஓட்டலாம் என்று புரோக்கர் சொல்வார், அதுவும் வேண்டாம். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீடு அவர் தலையில்தான் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வண்டியைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கும் அந்த மனிதருக்கு அது பெரிய அநியாயம்.

கேள்வி: பழைய ஜிப்ஸியைச் சரிசெய்து இரண்டு தடவை அலைன்மென்ட் பார்த்தும், ரோட்டில் கொஞ்சம் பக்கவாட்டாகவே போகிறது. பின்னால் வரும் நண்பர் நண்டு மாதிரி போகுது என்கிறார். முன்பக்கம் எல்லாம் புதுசு. — வாசகர், ராயபுரம்

பதில்: முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின் ஆக்ஸிலைப் பாருங்கள். ஜிப்ஸியில் ஆக்ஸில் பட்டை ஸ்பிரிங்கோடு யு-போல்ட்டால் கட்டியிருக்கும், இரண்டுக்கும் நடுவில் பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டின் தலைதான் ஆக்ஸில் நகராமல் நிறுத்துகிறது. மோதலில் அந்தப் போல்ட் அறுந்தால் ஒரு பக்கம் ஆக்ஸில் பின்னால் வழுக்கிப் போய்விடும், யு-போல்ட் இறுக்கமாகவே இருப்பதால் வெளியே ஒன்றும் தெரியாது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளியை இரண்டு பக்கமும் அளங்கள், வித்தியாசம் வந்தால் யு-போல்ட்டைத் தளர்த்தி சென்டர் போல்ட்டைப் பாருங்கள். அறுந்திருந்தால் போல்ட்டும் யு-போல்ட்டும் புதுசு போட்டு, வண்டி எடை சக்கரத்தில் இறங்கின பிறகு கடைசி இறுக்கு இறுக்குங்கள். இரண்டு பக்கமும் அளவு ஒன்றாக வந்த பிறகு அலைன்மென்ட்டுக்குப் போங்கள், அதற்கு முன் போனால் பணம் வீண்.